மோட்டாரை மாற்றாதீர்கள், ஒயரை மாற்றுங்கள்

கேள்வி: வீட்டுக் கிணறு வற்றிவிட்டதால், வீட்டுத் தண்ணீருக்காக ஒன்றரை எச்.பி. சிங்கிள் ஃபேஸ் மோனோபிளாக் மோட்டாரைத் தோப்புக் கிணற்றுக்கு மாற்றினோம். முன்பு மீட்டர் பெட்டியிலிருந்து 30 மீட்டர்; இப்போது 150 மீட்டர். ஏற்கெனவே இருந்த 1.5 ஸ்கொயர் (குறுக்குப் பரப்பு 1.5 சதுர மில்லிமீட்டர்) ஒயரோடு அதே அளவு ஒயரை வாங்கி நீட்டினோம். ஸ்விட்சைப் போட்டால் மோட்டார் உறுமுகிறது, சட்டென்று கிளம்புவதில்லை. நான்கு மாதத்தில் இரண்டு முறை காயில் கருகிவிட்டது. ‘கரண்ட் சரியாகத்தான் வருகிறது, மோட்டார்தான் கோளாறு’ என்கிறார் எலெக்ட்ரீஷியன். வாய்க்கால் தண்ணீர் வழியில் சுவறுவதுபோல நீள ஒயரில் கரண்ட் சுவறிப்போகுமா?
— வாசகி, ஒட்டன்சத்திரம்

பதில்: புது மோட்டார் வாங்கிவிடாதீர்கள் அம்மா. இதே ஒயரில் மாட்டினால் அதுவும் கருகும். ஐ.டி.ஐ.யில் முப்பத்தோரு வருடம் ஒயர்மேன் பாடம் நடத்தியவன் நான். இதே காரணத்தால் கருகி ரீவைண்டிங்குக்கு வந்த காயில்கள் எத்தனையோ பார்த்துவிட்டேன். ஒவ்வொன்றும் மனதை வருத்தியிருக்கிறது.

உங்கள் வாய்க்கால் கணக்கு பாதி சரி. கரண்ட் எங்கும் சுவறுவதில்லை. மீட்டர் பெட்டியிலிருந்து 10 ஆம்பியர் கிளம்பினால் மோட்டாருக்கும் அதே 10 ஆம்பியர்தான் போகிறது, அதுவேதான் நியூட்ரலில் திரும்பியும் வருகிறது. குறைவது வோல்டேஜ். செம்புக்குள் ஓடும் எலெக்ட்ரான்கள் அதிர்ந்துகொண்டே இருக்கும் அணுக்களோடு ஓயாமல் மோதுகின்றன. அந்த மோதலைத் தாண்டித் தள்ளுவதற்கு ஒவ்வொரு மீட்டர் ஒயரும் தன் பங்கு வோல்டேஜை எடுத்துக்கொள்கிறது. எடுத்ததெல்லாம் சூடாகிவிடுகிறது.

உங்கள் கணக்கைப் போடுவோம். 1.5 ஸ்கொயர் செம்பு ஒயரின் மின்தடை ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 12 ஓம். தூரம் 150 மீட்டர் என்றாலும் கரண்ட் போய்த் திரும்பவேண்டும், ஆகவே ஒயர் 300 மீட்டர். இந்தத் திரும்பும் வழியைப் பலரும் கணக்கில் விட்டுவிடுகிறார்கள். மின்தடை 3.6 ஓம். ஓடும்போது 10 ஆம்பியர் என்று வைத்தால் 36 வோல்ட் ஒயரிலேயே போய்விடுகிறது. 230 கிளம்பி 194 சேருகிறது. பழைய இடத்தில் இழப்பு 7 வோல்ட்டைச் சுற்றித்தான் இருந்திருக்கும். நீளம் ஐந்து மடங்கானது, இழப்பும் ஐந்து மடங்கானது.

கிளம்பும் நேரம்தான் இதைவிட மோசம். அப்போது மோட்டார் நாலு மடங்கு கரண்ட் கேட்கும். அத்தனையும் இந்த ஒயர் வழியாக இழுக்கும்போது மோட்டாருக்கு 150, 160 வோல்ட் சேர்ந்தாலே பெரிது. கிளப்பும் முறுக்கு விசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் அது பாதிக்கும் கீழே போய்விடும். உறுமல் அதனால்தான். சுழலாமல் நின்று உறுமும் ஒவ்வொரு நொடியும் காயில் வேகிறது.

எலெக்ட்ரீஷியன் பொய் சொல்லவில்லை. மோட்டார் நிற்கும்போது அளந்திருப்பார். கரண்ட் ஓடாவிட்டால் இழப்பும் இல்லை, இரண்டு முனையிலும் 230தான் காட்டும். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது, மோட்டார் முனையில் அளக்கச் சொல்லுங்கள். அவரே அளக்கட்டும், நீங்கள் கை வைக்க வேண்டாம்.

இதைப் புரியவைக்க வகுப்பில் 1 ஸ்கொயர் ஒயர்ச் சுருள்கள் மூன்றைப் பிரிக்காமல் மேசைமேல் வைப்பேன். ஒவ்வொன்றும் 90 மீட்டர். மல்டிமீட்டரில் ஒன்று 1.6 ஓம், இரண்டைத் தொடராக இணைத்தால் 3.3, மூன்றையும் இணைத்தால் 4.9. மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டாலே கொஞ்சம் காட்டும். அதைக் கழித்துக்கொள்ளச் சொல்வேன். 1826-இல் கொலோன் நகரப் பள்ளி ஆசிரியர் கியோர்க் சைமன் ஓம் செய்ததும் இதே வேலைதான். ஒரே தடிமனுள்ள எட்டுச் செம்புக் கம்பிகள், 2 அங்குலத்திலிருந்து 130 அங்குலம் வரை. பேட்டரி அவருக்குச் சீராக மின்சாரம் தரவில்லை. அதனால் பிஸ்மத் என்ற உலோகமும் செம்பும் சேர்ந்த இணைப்புகளில் ஒன்றைக் கொதிநீரிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் வைத்து, அந்த வெப்ப வேறுபாட்டிலிருந்து மின்சாரம் எடுத்தார். அவருடைய சூத்திரத்திலும் கம்பி நீளத்தோடு, மீதிச் சுற்றின் தடைக்கென்று ஓர் எண் தனியாக நிற்கிறது. நாங்கள் கழித்த அந்தக் கொஞ்சம்தான் அது. மாணவர்கள் அதைக் கண்டுபிடித்துச் சொல்லும் நாள் எனக்குத் திருநாள்.

நீங்கள் செய்யவேண்டியது: 6 ஸ்கொயர் செம்பு ஒயர் இழுங்கள். ஒயர் தடித்தால் தடை குறையும்; இழப்பு 9 வோல்ட்டாக இறங்கிவிடும். 4 ஸ்கொயர் என்றால் 14 வோல்ட். அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். செம்பு விலை கட்டாது என்றால் அலுமினியத்தில் 10 ஸ்கொயர், அதன் தடை 6 ஸ்கொயர் செம்புக்குச் சமம். நடுவில் முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு இருந்தால் எடுத்துவிடுங்கள், அந்த இடம் தனியாகச் சூடாகும்.

கேள்வி: 3 ஓம் கம்பியை இரண்டு மடங்கு நீளமாக இழுத்து நீட்டினால் 12 ஓம் என்கிறது விடைக்குறிப்பு. நீளம் இரண்டு மடங்கானால் 6 ஓம்தானே வரவேண்டும்?
— பத்தாம் வகுப்பு மாணவன், தேனி

பதில்: ‘இழுத்து’ என்ற சொல்லைப் பாருங்கள் தம்பி. ஒட்டன்சத்திரம் அம்மா ஒயரை ஒட்டி நீட்டினார், தடிமன் மாறவில்லை. இழுத்தால் உள்ள செம்பு அதேதான். நீளம் இரண்டு மடங்கானால் குறுக்குப் பரப்பு பாதியாகிறது. நீளத்துக்காக இரண்டு மடங்கு, மெலிந்ததற்காக இன்னொரு இரண்டு மடங்கு. 12 ஓம் சரிதான்.