நம்பரே இல்லாத கணக்கு நோட்டு

கேள்வி: விடுமுறைக்கு என் மகனையும் (9 வயது) மகளையும் (6 வயது) கூட்டிக்கொண்டு கணவரின் செட்டிநாட்டுப் பூர்வீக வீட்டுக்கு வந்திருக்கிறேன். இங்கே மாமியார் மட்டும்தான் இருக்கிறார். கைப்பேசியை வாங்கி வைத்துவிட்டு, வீட்டிலிருக்கும் பழைய பேப்பரை வைத்தே ஏதாவது செய்யப் பழக்குகிறேன். காலண்டர், கல்யாணப் பத்திரிகை, செய்தித்தாள் எல்லாம் தீர்ந்துவிட்டன. போன வாரம் பெட்டகத்தில் கிடந்த பழைய கணக்கு நோட்டுகளை எடுத்துக் கூழ் செய்ய ஊறப்போட்டேன். "கணக்கு நோட்டுன்னு சொன்னீங்க, நம்பரே இல்லையே, எல்லாம் க, உ, எ-ன்னு எழுத்தா இருக்கே" என்று மகன் நச்சரித்தான். "ஏதோ பழைய கிறுக்கல், கிழிச்சுப் போடுடா" என்றேன். நாலு நாளாகியும் அந்தப் பேப்பர் கூழாகவில்லை, ஏன்? மகன் எதிலும் ஐந்து நிமிடத்துக்கு மேல் உட்காருவதில்லை. மாமியாரும் அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை. குப்பையைக் குறைத்தால் என்ன கோபம்? பழைய பேப்பரில் வேறு என்னென்ன செய்யலாம்?
— பெயர் வேண்டாம், சிவகங்கை மாவட்டம்

பதில்: உங்கள் கேள்விகள் கொஞ்சம் காத்திருக்கட்டும். உங்கள் மகன் ஒரு கேள்வி கேட்டிருக்கிறான், அதற்கு வீட்டில் யாரும் பதில் சொல்லவில்லை. அதை முதலில் முடித்துவிடலாம்.

அவன் பார்த்தவை எண்கள்தான். பழைய தமிழ்க் கணக்கில் ஒன்றுக்கு ௧, இரண்டுக்கு ௨, ஏழுக்கு ௭, எட்டுக்கு ௮. பார்வைக்கு க, உ, எ, அ மாதிரியே இருக்கும். பத்து (௰) 'ய' போல இருக்கும், ஆயிரம் (௲) 'சூ' போல. நூறுக்கு ௱. இருநூற்று முப்பத்தைந்தை ௨௱௩௰௫ என்று எழுதுவார்கள்: இரண்டு நூறு, மூன்று பத்து, ஐந்து. வாயால் சொல்கிற மாதிரியே எழுத்தும் போகும், பூஜ்யம் தேவையில்லை. வரவுக்கு ஒரு குறி, பற்றுக்கு ஒரு குறி, ரூபாய்க்கு ௹ என்று ஒரு குறி. இத்தனையும் இன்றைக்குக் கணினியில் அடிக்கலாம். நீங்கள் வாங்கி வைத்திருக்கும் கைப்பேசியிலும் தெரியும்.

இப்போது உங்களிடம் வருகிறேன். 'பிள்ளைக்கு எதிலும் ஆர்வம் இல்லை' என்ற கடிதம் எனக்கு மாதம் தவறாமல் வருகிறது. பிள்ளை எந்த இடத்தில் ஆர்வம் காட்டியது என்பதும் பெரும்பாலும் அதே கடிதத்தில் இருக்கும். எழுதியவர் கண்ணில்தான் பட்டிருக்காது. 'நச்சரித்தான்' என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஐந்து நிமிடத்தில் எழுந்து ஓடுகிறவன் எப்படியம்மா நச்சரிப்பான்? நோட்டைப் பிரித்துப் பார்த்திருக்க வேண்டும். கணக்கென்றால் எண் இருக்குமே, இதில் ஏன் இல்லை என்று யோசித்திருக்க வேண்டும். பக்கம் பக்கமாகத் தேடியிருக்க வேண்டும். பிறகுதான் உங்களிடம் வந்து கேட்டிருப்பான். அவனுக்குக் கிடைத்த பதில், கிழித்துப் போடு. தெரியாது என்று சொல்லியிருந்தால் நான் ஒன்றும் சொல்லமாட்டேன். எனக்கும் எத்தனையோ தெரியாது. தெரியாததைக் கிறுக்கல் என்று சொல்லிக் கொடுத்தீர்கள் பாருங்கள், அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. நாளைக்கு அவனுக்குப் புரியாத பாடமெல்லாம் கிறுக்கல்தான்.

பேப்பர் ஏன் கூழாகவில்லை என்பதற்கும் காரணம் இருக்கிறது. செய்தித்தாள் மரத்தை அரைத்துச் செய்தது. நார் குட்டை, ஓர் இரவு ஊறினால் விரலில் குழைந்துவிடும். வெயில் பட்டால் பழுப்பேறி நொறுங்குவதும் அதனால்தான். அந்தக் காலத்து நல்ல பேரேட்டுத் தாளில் பருத்திக் கந்தலின் நார் கலந்திருக்கும். நார் நீளம். மை பரவாமல் இருக்க மேலே பசையும் ஏற்றியிருப்பார்கள். தலைமுறை தலைமுறையாகப் புரட்டிப் பார்க்க வேண்டிய நோட்டு என்று தெரிந்துதான் அப்படித் தாளாகப் பார்த்து வாங்கினார்கள். ஆகவே வாளியில் இருப்பதை ஆட்டுக்கல்லில் போடும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். தண்ணீரை மெதுவாக வடித்துவிட்டு, கட்டாக ஒட்டியிருக்கும் தாள்களைப் பிய்க்காமல் அப்படியே பழைய வேட்டியில் பரப்பி நிழலில் வையுங்கள். பாதி ஈரம் போனபின் ஒவ்வொன்றாக எடுத்தால் கிழியாது. வெயிலில் போட வேண்டாம், சுருண்டுகொள்ளும். மை போன பக்கம் போனதுதான், அதற்கு வைத்தியம் கிடையாது.

குப்பையைக் குறைத்தால் என்ன கோபம் என்று கேட்கிறீர்கள். குப்பையை யாராவது பெட்டகத்தில் வைத்துப் பூட்டுவார்களா? அதைக் குப்பை என்று முடிவு செய்தது யார்? அந்த வீட்டுக்கு விடுமுறைக்கு வந்த நீங்கள். அத்தை அங்கேயே இருக்கிறார். நாலு நாளாக வளவில் (உள்முற்றத்தில்) அந்த வாளியைத் தாண்டித்தான் அடுப்படிக்கும் சாமி அறைக்கும் போய் வந்திருப்பார். சத்தம் போடாமல் இருந்தாரே, அதற்கு நீங்கள் நன்றி சொல்ல வேண்டும். எங்கள் காலத்து மாமியாராக இருந்தால் வாளியோடு உங்களையும் வாசலில் வைத்திருப்பார். (அதுவும் சரியென்று நான் சொல்லவில்லை.)

செட்டிநாட்டு வீட்டில் ஒரு கணக்கு நோட்டு என்றால் என்னவென்று இந்த ஊரில் வாழ்க்கைப்பட்ட உங்களுக்கு ஓரளவாவது தெரிந்திருக்க வேண்டும். பர்மா, மலாயா, சிலோன், சைகோன் என்று கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வட்டித் தொழிலும் வியாபாரமும் செய்யப் போன செட்டியார்கள் ஊருக்கு எழுதி அனுப்பியதும் வரும்போது கட்டி எடுத்து வந்ததும் இந்த நோட்டுகள்தான். 1930-களின் கடைசியில் கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் நாலில் ஒரு பங்கு நிலம் செட்டியார்கள் கைக்கு வந்திருந்தது. பெரும்பாலும் கடன் திரும்பாமல் கைமாறிய நிலம். இழந்த விவசாயி வீட்டில் இதே கதையை வேறு மாதிரி சொல்வார்கள், பிள்ளை வளர்ந்ததும் அதையும் சொல்லத்தான் வேண்டும். 1942-இல் ஜப்பான் படை வந்தது, பர்மா விடுதலை பெற்றபின் அங்கே நில நாட்டுடைமைச் சட்டம் வந்தது, 1960-களில் கடை கண்ணியும் போயிற்று. பல வீடுகளில் இன்று மிச்சம் இருப்பது தேக்குத் தூணும் அந்த நோட்டும்தான். தூணைப் பழைய சாமான் கடைக்காரரே வந்து கேட்பார். நோட்டை யாரும் கேட்கமாட்டார்கள். ஆகவே வீட்டுக்காரர்கள்தான் காப்பாற்ற வேண்டும்.

கேட்ட ஒரு மனிதரும் இந்தப் பக்கத்தில் இருந்தார். கோட்டையூர் ரோஜா முத்தையா. புத்தகம், பத்திரிகை மட்டுமல்ல, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் தூக்கிப் போட்டதையெல்லாம் சேர்த்து வைத்தவர். 1992-இல் அவர் காலமானார். அந்தச் சேகரிப்பைச் சிக்காகோ பல்கலைக்கழகம் விலைக்கு வாங்கியது. 1994-இல் அதை வைத்துச் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் வந்தது. உங்கள் வீட்டுக்குப் பக்கத்து ஊர்க்காரர் சேர்த்த நோட்டீசைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து ஆராய்ச்சியாளர்கள் வருகிறார்கள். நீங்கள் வாளியில் ஊறப்போட்டிருக்கிறீர்கள்.

சரி, இனி செய்ய வேண்டியது. மன்னிப்புக் கேட்டுப் பெரிய பேச்சு எதுவும் வேண்டாம். மிச்சம் இருக்கும் நோட்டில் ஒன்றை மகன் கையில் கொடுத்து, "அப்பத்தா, இது என்ன எண்ணு?" என்று கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள், நடுவில் பேசாதீர்கள். அத்தைக்குத் தமிழ் எண் முழுவதும் தெரியலாம், பாதி தெரியலாம். தெரியாவிட்டால் பழைய கணக்குப்பிள்ளை யார் இருக்கிறார் என்று அவருக்குத்தான் தெரியும். தலைப்பில் இருக்கும் எழுத்துகள் உங்கள் வீட்டு விலாசம், அதாவது முன்னோர் பெயர்களின் முதல் எழுத்துகள். அதில் எந்த எழுத்து எந்த ஐயாவுடையது என்று அவர் சொல்லும்போது பையன் எத்தனை நிமிடம் உட்காருகிறான் என்று பாருங்கள்.

கணக்குப் பாடமும் அதிலேயே இருக்கிறது. ரங்கூன் கணக்கென்றால் ரூபாய், அணா, பை. மலாயாக் கணக்கென்றால் வெள்ளி (மலாயா டாலர்). 16 அணா ஒரு ரூபாய், 12 பை ஓர் அணா. 1957 ஏப்ரலில் நயா பைசா வரும்வரை நம் ஊரிலும் இதுதான். 14 அணாவும் 5 அணாவும் எவ்வளவு என்று கேளுங்கள். பத்தொன்பது என்பான். ஒரு ரூபாய் மூன்று அணா என்று அப்பத்தா சொல்வார். அரைக்கால் ரூபாய் என்றால் 2 அணா, வீசம் என்றால் ஓரணா. பள்ளிக்கூடத்தில் பின்னம் என்றாலே பயப்படுகிற பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல விளையாட்டு எனக்குத் தெரிந்து இல்லை. நோட்டைப் படம் எடுத்து அச்செடுத்துக் கொடுத்தால் அந்த நகலை அவன் வெட்டட்டும், ஒட்டட்டும், என்ன வேண்டுமானாலும் செய்யட்டும்.

சின்னவளுக்குக் கல்யாணப் பத்திரிகை. 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முந்தைய பத்திரிகை ஒன்று அந்த வீட்டில் எங்காவது கிடைக்கும். 'லை', 'னை' எல்லாம் முன்னால் தும்பிக்கை தூக்கிக்கொண்டு நிற்கும். இன்றைய பத்திரிகையையும் அதையும் பக்கத்தில் வைத்து, மாறின எழுத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். புதுப் பத்திரிகையில் இருக்கும் பிள்ளையாரையும் மயிலையும் தாராளமாக வெட்டலாம். பழையதை வெட்டக் கூடாது.

கூழ் வேலை செய்தே ஆக வேண்டும் என்றால் செய்தித்தாள் போதும். அதற்கும் ஆசிரியர் அத்தைதான். முறத்திலும் மூங்கில் கூடையிலும் இடுக்கு அடைக்கக் காகிதக் கூழ் பூசாத வீடு இந்தப் பக்கம் இருந்ததில்லை. தாளைச் சின்னதாகக் கிழித்து ஓர் இரவு ஊறவைத்து, இன்னொரு கிண்ணத்தில் ஒரு கை வெந்தயத்தையும் ஊறப்போட்டு, காலையில் இரண்டையும் சேர்த்து ஆட்டுக்கல்லில் ஆட்ட வேண்டும். வெந்தயத்தின் வழுவழுப்புதான் பசை. கசப்புக்குப் பூச்சியும் அண்டாது. கவிழ்த்த சட்டியின் மேல் ஈரத்துணி விரித்து, கூழை உள்ளங்கையால் தட்டித் தட்டி ஒரே கனமாக ஒட்டுங்கள். விளிம்புதான் முதலில் விரியும், அங்கே கொஞ்சம் தடிப்பாக வையுங்கள். முதல் நாள் நிழல், அப்புறம் வெயில். காய்ந்தபின் சட்டியிலிருந்து கழற்றினால் கூடை. அச்சு மை கலந்தது, ஆகவே அதில் பலகாரம் வைக்காதீர்கள். பென்சிலும் சோழியும் போட்டுவைக்கலாம்.

இரண்டு சின்ன விஷயம். கடை பில்லில் வழவழவென்று வருகிற தாளைப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள், அதில் ரசாயனம் பூசியிருக்கிறது. மைதாப் பசை கெடாமல் இருக்க பைண்டிங் கடைக்காரர்கள் மயில்துத்தம் போடுவார்கள். அது விஷம், பிள்ளைகள் தொடும் பசையில் வேண்டவே வேண்டாம். தினம் கொஞ்சமாகக் காய்ச்சிக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் கடிதத்தில் கணவரின் பெயர்கூட வேண்டாம், அவர் என்ன சொன்னார் என்று ஒரு வரியாவது இருந்திருக்கலாம். அது அவருடைய பாட்டன் எழுதிய கணக்கு. அந்த வீடு அவர் ஒருவருக்கு மட்டும் உரியதல்ல, பங்காளிகள் எத்தனை புள்ளியோ (குடும்பமோ) அத்தனை பேருக்கும் அந்தப் பெட்டகத்தில் உரிமை உண்டு. நாளைக்குப் பாகம் பிரிக்கும்போதோ முன்னோருக்குப் படைக்கும் படைப்பு வீட்டிலோ 'அந்த நோட்டு எங்கே?' என்று ஒருவர் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அத்தை. அவர் முகம் கொடுத்துப் பேசாததற்கு நான் ஊகிக்கிற முதல் காரணம் அதுதான். இந்த ஞாயிற்றுக்கிழமை கணவரை வரச்சொல்லுங்கள். பெட்டகத்தில் இருப்பதை அத்தையும் அவருமாக உட்கார்ந்து பட்டியல் எழுதட்டும். நனைந்தது எத்தனை நோட்டு என்பதையும் சேர்த்து எழுதி, பங்காளிகளுக்கு அவரே போன் போட்டுச் சொல்லட்டும். உங்களை விட்டுச் சொல்லவைக்கக் கூடாது, அத்தையையும் சொல்லவைக்கக் கூடாது.