சொல் கேட்காத நாய்

கேள்வி: உதவி நாய்களைப் பழக்கும் பயிற்றுநர் நான். சக்கர நாற்காலியில் இருக்கும் ஓர் இளம்பெண்ணுக்கு, கீழே விழுந்த பொருளை எடுத்துத் தர ஒரு லாப்ரடாரைப் பழக்கிக் கொடுத்தேன். என்னிடம் பிசகில்லாமல் வேலை செய்த நாய், அவர் வீட்டுக்குப் போன மூன்றே மாதத்தில் சொல் கேட்பதில்லை. நான் போய் நின்றால் உடனே செய்கிறது. “இதற்கு என்னைப் பிடிக்கவில்லை” என்று அவர் அழுகிறார். நாயைத் திரும்ப அழைத்து வந்து மறுபடி பழக்கட்டுமா?

பதில்: வேண்டாம். அழைத்து வந்தால் உங்களிடம் மறுபடி அழகாகச் செய்யும். நீங்களும் திருப்தியோடு கொண்டுபோய் விடுவீர்கள். கொஞ்ச நாளில் இதே கடிதத்தை எனக்கு எழுதுவீர்கள்.

கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். பல் வலித்தால் நாய் எதையும் கவ்வத் தயங்கும். உங்கள் முன்னால் தயங்காமல் செய்வதால், எனக்கு அந்தச் சந்தேகம் குறைவுதான்.

அடுத்த முறை போகும்போது நாயைப் பார்க்காதீர்கள், அந்தப் பெண்ணின் கையைப் பாருங்கள். சாவிக்கொத்து விழுகிறது. நாய் கவ்வி மடியில் வைக்கிறது. அவர் இடுப்புப் பைக்குள் விரலை விட்டுத் தீனியைத் துழாவி எடுப்பதற்குள் அது வாசல் பக்கம் திரும்பிவிடுகிறது. தீனி அப்போதுதான் வாய்க்கு வருகிறது. நாயின் கணக்கில் அது சாவியை எடுத்ததற்கான கூலி அல்ல, வாசலைப் பார்த்ததற்கான கூலி. உங்கள் கைக்கு இருக்கும் வேகம் அவர் கைக்கு வராது, வரவும் வேண்டியதில்லை. சாவி மடியில் விழுந்த நொடியே அவர் “சபாஷ்” என்று சொல்லட்டும். அந்தச் சொல்லுக்குப் பின் தீனி நிச்சயம் என்று நாய்க்குப் படிந்துவிட்டால், கை தாமதித்தாலும் பாதகமில்லை. பைக்குப் பதிலாக மடியில் விளிம்பு வைத்த தட்டு இருக்கட்டும். அவர் முழங்காலில் தாடையை வைத்துக் காத்திருக்க நாயைப் பழக்குங்கள்.

வீட்டாரையும் கவனியுங்கள். பொருள் விழுந்த சத்தம் கேட்டதுமே பாசத்தில் ஓடிவந்து எடுத்துக் கொடுக்கும் ஒருவர் அநேகமாக அங்கே இருப்பார். அவர் இருக்கும்வரை நாய்க்கு அங்கே வேலை இல்லை. இதை அவரிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டியது நீங்கள்தான். அந்தப் பெண்ணை வைத்துக்கொண்டே சொல்லுங்கள். அவரைத் தாண்டி வீட்டாரிடம் மட்டும் பேசும் பழக்கம் நம் தொழிலில் நிறையவே உண்டு.

1928இல் பார்வையற்ற அமெரிக்க இளைஞர் மாரிஸ் ஃபிராங்க், தன் வழிகாட்டி நாய்க்காக சுவிட்சர்லாந்துக்குப் போனார். பழக்கிய நாயைக் கப்பலில் ஏற்றி அனுப்பியிருக்கலாமே! அவரையே வரவழைத்து, நாயோடு சேர்த்துப் பழக்கித்தான் அனுப்பினார்கள். நீங்கள் நாயைப் பழக்கிவிட்டீர்கள். அந்தப் பெண்ணை இன்னும் பழக்கவில்லை.

ஆகவே உங்கள் வருகையின் நோக்கம் மாறட்டும். வாரைக் கையில் வாங்காதீர்கள். நாய் கண்ணில் படாமல் பக்கத்து அறையில் இருந்துகொண்டு, தொலைபேசியில் அவருக்குச் சொல்லிக் கொடுங்கள். இப்போதைக்கு ஒரே பொருள், ஒரே அறை. அங்கே தேறிய பிறகு அடுத்த அறை. ஓரிடத்தில் கற்றது இன்னோரிடத்துக்கும் பொருந்தும் என்று நாய்க்குத் தானாகத் தெரியாது.

“பிடிக்கவில்லை” என்று அவர் அழும்போது சமாதானம் சொல்லாதீர்கள். தீனி எந்த நொடியில் போகிறது என்பதை அலைபேசியில் படம் பிடித்துக் காட்டுங்கள். ஒரு ஜோடி ஒத்துப்போக ஆறு மாதம், சில சமயம் ஒரு வருடம்கூட ஆகும் என்பதையும் சொல்லிவையுங்கள். இத்தனைக்குப் பிறகும் சரிவரவில்லை என்றால் வேறு நாய் கொடுப்பதில் தவறே இல்லை. ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர் அவர், நீங்கள் அல்ல.