நெவாடாவில் மத்திய அரசு நிலத்துக்குச் சொத்து வரி போட முடியுமா?

வணக்கம். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் உங்கள் கவுண்டியில் (மாவட்டம் போன்ற பகுதி) பெரும்பகுதி மத்திய அரசு நிலம், அதற்கும் வரி போட்டால் நம் சுமை குறையாதா என்று கேட்டிருந்தீர்கள். நேரடியாகப் போட முடியாது. மத்திய அரசின் அமைப்புகளுக்கு மாநிலங்கள் வரி போட முடியாது என்ற கொள்கையை 1819-இல் மெக்கல்லக் எதிர் மேரிலாண்ட் வழக்கிலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் வகுத்துவிட்டது.

வரிக்குப் பதிலாக, 1976 சட்டப்படி கவுண்டிக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை வரும். ஏக்கர், மக்கள்தொகை எல்லாம் பார்ப்பார்கள், நிலத்தின் சந்தை மதிப்பைப் பார்ப்பதில்லை. அதுவும் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் நிதி ஒதுக்கினால்தான். நெவாடாவில் சுமார் 80 சதவீதம் மத்திய அரசு நிலம். வரி வராத அந்த நிலத்தில் யாராவது தொலைந்தால் தேடப் போவது கவுண்டியின் காவல் தலைவரான ஷெரீஃப்தானே? எனக்கு இது அநியாயமாகவே படுகிறது.

அப்புறம், அந்த நிலத்தில் தனியார் யாராவது குத்தகைக்குத் தொழில் நடத்துகிறார்களா? அவர்களுக்கு வரி போட வழி உண்டு. சொத்துகளின் வரி மதிப்பைக் கணக்கிடும் கவுண்டி அசெஸர் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.