வெயில் காலத்தில் கேம்பர் வேனில் தங்க ஏசி கட்டாயம் வேண்டுமா?

கேள்வியின் சுருக்கம்: மே மாதம் எட்டு மாதக் கைக்குழந்தையோடு கொங்குப் பக்கம் வேனில் சுற்றப் போகிறார்கள். ராத்திரி வண்டிக்குள்ளேயே படுக்க ஏசி வைத்தே ஆகவேண்டுமா?

பெரியவர்கள் மட்டும் என்றால் வேண்டாம் என்றே சொல்வேன். இதை நான் ஏசி வைத்துத்தான் கற்றுக்கொண்டேன்.

எங்களுடையது பழைய டெம்போ டிராவலர். கரூரில் ஒரு பாடி கட்டும் பட்டறையில் கட்டில், அடுப்பு மேடை எல்லாம் செய்து வாங்கினோம். ஏசி வேண்டுமென்று அடம்பிடித்தது நான்தான். முக்கால் டன் ஏசி, ஒரு இன்வெர்ட்டர், 150 ஏஎச் பேட்டரி இரண்டு. முதல் சித்திரையில் தாராபுரம் பக்கம் மாமனார் தோட்டத்தில் நிறுத்தி, பத்து மணிக்கு ஏசியைப் போட்டுவிட்டுப் படுத்தோம். பன்னிரண்டரைக்கு இன்வெர்ட்டர் கீச் கீச்சென்று கத்திவிட்டு அடங்கியது. எழுந்து மேலே பிளைவுட்டில் கை வைத்துப் பார்த்தேன். அடுப்பிலிருந்து இறக்கி வைத்த தோசைக்கல் மாதிரி இன்னும் வெதுவெதுவென்று இருந்தது. தகரக் கூரை பகலெல்லாம் குடித்த வெயிலை அந்நேரம் வரை எங்கள் மேல் கக்கிக்கொண்டிருந்திருக்கிறது. மாமனார் வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் கிடந்தபடியே கேட்டார்: "ஏனுங் மாப்ள, வெளிய இப்படிக் காத்தாட இருக்குது, உள்ள எதுக்குங் வெந்துட்டுக் கெடக்கறீங்க?"

கணக்கைப் பாருங்கள். 12 வோல்ட், 150 ஏஎச் பேட்டரி ஒன்றில் இருப்பது 1.8 யூனிட். சாதா லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்தால் சீக்கிரம் போய்விடும். ஆக இரண்டு பேட்டரிக்கும் சேர்த்து நம் கைக்கு வருவது 1.8 யூனிட்தான். முக்கால் டன் ஏசி மணிக்கு முக்கால் யூனிட் இழுக்கிறது. இரண்டரை மணி நேரம், அவ்வளவுதான். அதே பேட்டரியில் கரண்ட் கம்மியாக இழுக்கும் 30 வாட் பிஎல்டிசி ஃபேன் இரண்டு ராத்திரி முழுக்க ஓடினாலும் அரை யூனிட் தாண்டாது.

அதனால் காசைக் கூரையில் போடுங்கள். வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட், உள்ளே தெர்மோகோல் ஷீட், மேலே சூட்டை வெளியே தள்ளும் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன். ஜன்னலுக்குக் கொசுவலை முக்கியம், அது இல்லாமல் ஜன்னலைத் திறக்கவே முடியாது. கரூர், தாராபுரம் போன்ற வறண்ட பக்கங்களில் ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவைத்துச் சின்ன ஏர் கூலர் போட்டாலே போதும். கோபிப் பக்கம் வாய்க்கால், நெல் வயல் என்று ஈரக் காற்று, அங்கே கூலர் வெறும் புழுக்கத்தைத்தான் கூட்டும்.

எங்கே நிறுத்துகிறீர்கள் என்பதுதான் இதெல்லாவற்றையும் விடப் பெரிது. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும். சேலம் 280 மீட்டர், ஏற்காடு ஏறக்குறைய 1,500. அந்த 20 கொண்டை ஊசி வளைவைக் கடந்துவிட்டால் விடியற்காலையில் போர்வை தேடுவீர்கள். திம்பம் மலைப்பாதை வழியாகத் தாளவாடி போவதானால் பகலிலேயே ஏறிவிடுங்கள், ராத்திரியில் அங்கே போக்குவரத்துக் கட்டுப்பாடு உண்டு. பல்லடம், உடுமலைப் பக்கத்துக்கு வைகாசிக் கடைசியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வந்துவிடும். ஆடியில் போனால் ஏசியைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள், பந்தல் துணி பறக்காமல் பிடித்துக்கொள்ளத்தான் ஆள் வேண்டும்.

இனி உங்கள் குழந்தை விஷயம். கைக்குழந்தை, வயதானவர்கள், நெஞ்சு நோய்க்காரர்கள் இருந்தால் மே மாத ஈரோட்டில் ஃபேனை நம்பச் சொல்லமாட்டேன். ஏசி வையுங்கள், ஆனால் பேட்டரியில் ஓட்டப் பார்க்காதீர்கள். லாட்ஜிலோ சொந்தக்காரர் வீட்டிலோ கேட்டு, 15 ஆம்பியர் பிளக்கில் தடிமனான வயர் போட்டு எடுங்கள். தோட்டத்தில் நிறுத்தினால் சாளை வீட்டு (தோட்டத்து வீட்டு) லைனில் மட்டும். மோட்டார் லைன் விவசாயத்துக்கு என்று இலவசமாகக் கொடுப்பது, அதில் ஏசி போட்டு மாட்டினால் தோட்டக்காரருக்குத்தான் அபராதம்.

எஞ்சினை ஓடவிட்டோ, வண்டிக்குள்ளேயோ அடியிலேயோ ஜெனரேட்டர் வைத்தோ ஏசியைப் போட்டுத் தூங்கவே தூங்காதீர்கள். 2024 டிசம்பரில் கேரளத்து வடகரையில் சாலையோரம் நின்ற கேரவனில் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டர் புகையின் கார்பன் மோனாக்சைடு உள்ளே கசிந்ததுதான் காரணம். அதற்கு வாசனை கிடையாது, தூக்கத்தில் தெரியவே தெரியாது. அந்தச் செய்தியைப் படித்த அன்றே கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வாங்கிக் கட்டில் பக்கத்தில் மாட்டிவிட்டேன். ஏசி வைத்தாலும் வைக்காவிட்டாலும், உள்ளே சமைப்பீர்கள் என்றால் அதை வாங்கிவிடுங்கள்.

எங்கள் ஏசியை இன்னும் கழற்றவில்லை. மாமனார் வீட்டு லைனில் செருகினால் நன்றாகவே ஓடுகிறது. ஆனால் அங்கே போனால் நான் இப்போது வேப்பமரத்தடிக் கயிற்றுக் கட்டிலில்தான் படுக்கிறேன்.