இடிக்குப் பிறகு எழாத டேட்டாபேஸ்: கொழிஞ்சாம்பாறைக் கேள்வி பதில்

பாலக்காட்டுக்குக் கிழக்கே, கோவை எல்லையை ஒட்டிய எங்கள் ஊர் வாசகசாலைக்கு வருகிறவர்களில் சிலர் சொந்தக் கணினியிலேயே இணையதளம் கட்டிப் பழகுகிறார்கள். அவர்கள் துண்டுச்சீட்டில் எழுதித் தந்த கேள்விகள் இவை. எல்லோரிடமும் இருப்பது விண்டோஸும், பக்கங்களைப் பிரவுசருக்குத் தரும் அப்பாச்சி, தகவலைச் சேமிக்கும் டேட்டாபேஸான மைஎஸ்க்யூஎல், பிஎச்பி மொழி ஆகியவற்றை ஒன்றாகக் கட்டித் தரும் எக்ஸாம்பும்தான். அவற்றை வைத்தே பேசுகிறேன்.

வேலந்தாவளம்: அண்ணா, அப்பாச்சியை ஸ்டார்ட் செய்தால் ஒரு கணம் ஓடி நின்றுவிடுகிறது.

பெரும்பாலும் 80ஆம் போர்ட்டை, அதாவது அப்பாச்சி காத்திருக்கும் இணைப்பு வாசலை, வேறு ஏதோ நிரல் பிடித்து வைத்திருக்கிறது. கமாண்ட் ப்ராம்ப்டில் 'நெட்ஸ்டாட் -ஏஎன்ஓ' கொடுங்கள். 80க்கு நேரே, வரியின் கடைசியில் வரும் எண்ணைப் பாருங்கள். 4 என்றால் அது விண்டோஸின் சொந்த வேலை, பெரும்பாலும் ஐஐஎஸ் என்ற அதன் வெப் சர்வர். அதை சர்வீசஸ் பட்டியலில் நிறுத்தலாம். நிறுத்த வேண்டாமென்றால் அப்பாச்சியின் கான்ஃபிக் கோப்பில் 'லிசன் 80' என்பதை 8080 ஆக்கி, பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட்:8080 என்று திறவுங்கள்.

எருத்தேன்பதி: நேற்று இடியில் கரண்ட் போனது. அதிலிருந்து மைஎஸ்க்யூஎல் எழவில்லை. ஐபிடேட்டா1 கோப்பை அழித்தால் சரியாகிவிடும் என்று ஒரு வீடியோவில் சொல்கிறார்கள். அழிக்கலாமா?

அழிக்காதே தம்பி. எந்தக் கோப்பிலும் கை வைக்கும் முன் எக்ஸாம்பை மூடிவிட்டு, மைஎஸ்க்யூஎல்லுக்குள் இருக்கும் 'டேட்டா' ஃபோல்டர் முழுவதையும் பென் டிரைவில் நகல் எடு. எடுத்துவிட்டு மேலே படி.

போன ஐப்பசியில் அச்சகம் நடத்தும் ஒருவர் கணினியைத் தூக்கிக்கொண்டே என் வீட்டுக்கு வந்தார். ஒவ்வொரு அட்டவணைக்கும் உரிய கோப்பு அதனதன் இடத்தில் இருந்தது. ஐபிடேட்டா1 மட்டும் இல்லை. பட்டியலில் 'ஆர்டர்ஸ்' என்ற பெயர் தெரிந்தது. சொடுக்கினால் 'அப்படி ஓர் அட்டவணை எஞ்சினில் இல்லை' என்றது. எந்த அட்டவணை எங்கே இருக்கிறது என்ற கணக்கு அந்த ஒரு கோப்புக்குள் இருக்கிறது. அது போனால் மற்றவை இருந்தும் பயனில்லை. மூன்று வருட ஆர்டர்களை அவர் ரசீதுப் புத்தகங்களைப் பார்த்து மறுபடி ஏற்றினார்.

நகல் எடுத்த பிறகு, முதலில் டேட்டாவுக்குள் இருக்கும், பிழைகளைப் பதிந்து வைக்கும் 'எரர் லாக்' கோப்பின் கடைசி வரிகளைப் படி. பழுது எக்ஸாம்பின் சொந்த அட்டவணைகளில் என்றால் வழி இதுதான். 'டேட்டா'வின் பெயரை 'டேட்டா பழையது' என்று மாற்று. பக்கத்திலிருக்கும் 'பேக்கப்' ஃபோல்டரை நகலெடுத்து அதற்கு 'டேட்டா' என்று பெயர் வை. பழையதிலிருந்து நீ உருவாக்கிய டேட்டாபேஸ் ஃபோல்டர்களையும் ஐபிடேட்டா1 கோப்பையும் மட்டும் இதற்குள் கொண்டு வா. மைஎஸ்க்யூஎல் எழுந்ததும் வேறு வேலை பார்க்காமல் பிஎச்பிமைஅட்மின் என்ற டேட்டாபேஸ் நிர்வாகப் பக்கத்தின் வழியாக எல்லாவற்றையும் எக்ஸ்போர்ட் செய்து வை.

மீனாட்சிபுரம்: மைஎஸ்க்யூஎல் திடீரென்று நின்றுவிட்டது. என்ன செய்வது?

மேலே உள்ள பதில்தான். நகலிலிருந்து தொடங்குங்கள்.

கோபாலபுரம்: எந்த நிறுவனத்தில் ஹோஸ்டிங் வாங்கலாம்?

அது என் துறை இல்லை. வாங்கிப் பயன்படுத்துகிறவர்களைக் கேளுங்கள்.

சித்தூர், பள்ளி ஆசிரியை: பிள்ளைகளின் பெயர்களைத் தமிழிலும் மலையாளத்திலும் ஏற்றினேன். சில பெயர்கள் வெறும் கேள்விக்குறிகளாக இருக்கின்றன. சில, தலையில் கோடு போட்ட ஆங்கில 'ஏ'யும் வேறு குறிகளுமாக வருகின்றன.

டீச்சர், இவை இரண்டு வேறு நோய்கள். டேட்டாபேஸுக்குள்ளேயே கேள்விக்குறி இருந்தால் எழுத்து சேமிக்கும்போதே அழிந்துவிட்டது. திரும்பத் தட்டச்சு செய்யத்தான் வேண்டும். கோடு போட்ட 'ஏ' வந்தால் பெரும்பாலும் எழுத்து உள்ளே உயிரோடு இருக்கிறது, படிக்கும் முறைதான் தவறு. யூடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தில் தமிழ் எழுத்துக்கு மூன்று பைட், மலையாளத்துக்கும் மூன்று. அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தால் முதல் பைட் அந்த 'ஏ'யாகத் தெரியும்.

அட்டவணை, இணைப்பு, பக்கம் ஆகிய மூன்று இடத்திலும் ஒரே குறியாக்கம் இருக்க வேண்டும். முதல் இரண்டிலும் யூடிஎஃப்8எம்பி4 (முழு யூடிஎஃப்-8க்கு மைஎஸ்க்யூஎல் வைத்திருக்கும் பெயர்), பக்கத்தில் யூடிஎஃப்-8. எல்லோரும் மறப்பது இணைப்பைத்தான். பிஎச்பியில் இணைத்த உடனே 'செட் கேரக்டர்செட்' வரியைப் போடுங்கள்.

அதே டீச்சர்: மலையாளத்தில் 'சுந்தரன்' என்று தேடினால் சில சுந்தரன்கள் மட்டும் வருகிறார்கள். நார்மலைசேஷன் செய்தால் போதும் என்று பக்கத்தில் இருப்பவர் சொல்கிறார்.

பக்கத்தில் இருப்பவர் சொல்வது தமிழுக்குச் சரி. 'கொ'வின் கொம்பையும் காலையும் தனித்தனியாகவும் சேமிக்கலாம், ஒரே குறியாகவும் சேமிக்கலாம். நார்மலைசேஷன் இரண்டையும் ஒன்றாக்கிவிடும். மலையாளச் சில்லெழுத்து, அதாவது உயிரில்லாத மெய்யைத் தனி வடிவில் எழுதும் எழுத்து, அப்படி இல்லை. 2008இல் யூனிகோடு 5.1 வரும்வரை கடைசி 'ன்' என்பது 'ன', சந்திரக்கலை (நம் மெய்யெழுத்துப் புள்ளி போன்ற குறி), கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்பான் என மூன்று குறிகள். அதன் பிறகு சில்லுக்கென்று தனிக் குறி வந்தது. இரண்டும் சமம் என்று யூனிகோடு வரையறுக்கவில்லை. ஆகவே நார்மலைசேஷன் அவற்றைத் தொடாது.

பக்கத்தில் இருந்தவர்: திரையில் இரண்டும் ஒன்றாகத்தானே தெரிகின்றன?

ஆமாம் அண்ணா, எழுத்துரு அப்படிக் காட்டுகிறது. கணினி ஒப்பிடுவது வடிவத்தை இல்லை, குறிகளை. இரண்டு சுந்தரனையும் பிஎச்பியில் நீளம் அளந்து பாருங்கள். பழையதில் ஆறு பைட் கூடுதலாக வரும்.

வடகரப்பதி: அப்பாச்சி ஓடவில்லை.

80ஆம் போர்ட். முதல் பதிலைப் படியுங்கள்.

டீச்சர்: அப்படியென்றால் ஏற்கெனவே ஏற்றிய பெயர்களை எப்படி ஒன்றாக்குவது?

வழக்கில் அதிகம் வரும் சில்லுகள் ண், ன், ர், ல், ள் ஐந்து. ஒவ்வொன்றின் பழைய மூன்று குறிகளையும் புதிய ஒற்றைக் குறியாக மாற்ற ஐந்து 'ரீப்ளேஸ்' வரிகள் போதும். இனிமேல் படிவத்தில் ஏற்றும்போதும் தேடும்போதும் அதே ஐந்து வரிகள் ஓடட்டும். ஆனால் முதலில் எக்ஸ்போர்ட் எடுத்து வையுங்கள் டீச்சர். நகலில் ஓட்டி, இருபது பெயர்களைக் கண்ணால் சரிபார்த்த பிறகு அசலில் ஓட்டுங்கள்.