வேலையிடத்தில் கெட்ட வார்த்தை: சிட்னிக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. படிக்க வந்த இடத்தில், வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி மூலமாக ஈஸ்டர்ன் கிரீக் பக்கம் ஒரு வேர்ஹவுஸில் சேர்ந்திருக்கிறீர்கள். மேனேஜரில் தொடங்கி ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர் வரை வாயைத் திறந்தால் எஃப் வார்த்தைதான். இது உங்களைத் திட்டுவதா, நீங்களும் அப்படிப் பேசினால்தான் சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்கிறீர்கள். போகிற போக்கில் இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள்: டீம் லீடர் ஒருவர் உங்களைப் பெயர் சொல்லாமல் 'கறி' என்று, நம் ஊர்ப் பக்கத்து ஆட்களை இழிவாகச் சொல்லும் வார்த்தையால், ஒரு கெட்ட வார்த்தையும் சேர்த்துக் கூப்பிடுகிறார். எனக்கு அந்தக் கடைசி வரிதான் பெரிதாகப் படுகிறது. அதற்கு வருகிறேன்.

முதலில் பொதுவான பேச்சு. பேலட் சரிந்தாலும், ஸ்கேனர் நின்றாலும், லாரி தாமதமாக வந்தாலும் அதே வார்த்தை வரும். சந்தோஷத்துக்கும் அதுவேதான். அதில் பாதி நேரம் கோபமே இருக்காது. 2006இல் இந்த நாட்டுச் சுற்றுலாத் துறையே 'வேர் த பிளடி ஹெல் ஆர் யூ' ('எங்கேதான் தொலைந்தீர்கள்' என்பதைக் கொஞ்சம் கெட்ட வார்த்தையோடு) என்று உலகத்தைக் கூப்பிட்டு விளம்பரம் செய்தது. பிரிட்டனில்தான் தொலைக்காட்சியில் போடச் சிக்கல் வந்தது. ஆக, பொருளின் மேலும் வேலையின் மேலும் விழுகிற வார்த்தையைக் காதோடு விட்டுவிடுங்கள். யார் மேல் விழுகிறது என்பதை மட்டும் கவனியுங்கள்.

அதற்காக நீங்களும் பேச வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. நான் இங்கே இத்தனை வருடமாகக் கட்டுமான வேலையிலும் கிடங்கிலும் இருக்கிறேன், பேசியதில்லை. யாரும் ஒதுக்கியதில்லை. நேரத்துக்கு வருகிறீர்களா, கனமானதைத் தூக்கும்போது ஒரு கை கொடுக்கிறீர்களா, ஸ்மோகோ என்கிற டீ இடைவேளையில் போனோடு ஒதுங்காமல் அவர்களோடு உட்காருகிறீர்களா, இதை வைத்துத்தான் உங்களை எடைபோடுவார்கள். புதிதாக வந்தவர்கள் அந்தப் பேச்சை எடுக்கும்போது யாரிடம், எந்தத் தொனியில் என்று பிடிபடுவதில்லை. மேலதிகாரி மேலேயே வார்த்தை போய் விழும். 2015இல் ஒரு குப்பை லாரி ஓட்டுநர் போனில் முதலாளியிடம் கெட்ட வார்த்தையில் பேசி வேலை போய், வேலைத் தகராறுகளை விசாரிக்கும் ஃபேர் வொர்க் கமிஷன் வரை போனார். பேசியது தப்புதான், ஆனால் அதற்காக உடனே நீக்கியது நியாயமில்லை என்று தீர்ப்பு வந்தது. நீங்கள் ஏஜென்சி வழியாகப் போகும் கேஷுவல், அதாவது நிரந்தரமில்லாமல் கூப்பிடும்போது போகிற ஆள். உங்களை நீக்கக்கூட வேண்டியதில்லை, அடுத்த ஷிஃப்டுக்கு போன் வராது, அவ்வளவுதான்.

வேர்ஹவுஸ் ஷெட்டுக்குள் பழகிய பேச்சை ரயில் நிலையத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். நியூ சவுத் வேல்ஸில் பொது இடத்திலோ பள்ளிக்கூடம் அருகிலோ ஆபாசமாகப் பேசுவது 1988ஆம் வருடச் சட்டப்படி குற்றம், 660 டாலர் வரை அபராதம் போடலாம்.

அப்புறம், தமிழ்க் கெட்ட வார்த்தை. நம் பையன்கள் இரண்டு பேர் சேர்ந்தால் யாருக்கும் புரியாது என்ற தைரியத்தில் சத்தமாகப் பேசுகிறார்கள். பெண்டில் ஹில், வென்ட்வொர்த்வில், டூங்காபி பக்கத்திலிருந்து வேலைக்கு வருகிறவர்களில் யார் தமிழர் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. யாழ்ப்பாணத்து அக்கா இருப்பார், மலேசியாக்காரர் இருப்பார், மலையாளிக்கும் முக்கால்வாசி புரியும். பேக்கிங் வரிசையில் நிற்கிற அம்மா வயதுப் பெண்கள் அதைக் கேட்டும் கேட்காததுபோல் குனிந்து வேலை செய்வதை நான் பார்த்திருக்கிறேன். எனக்குப் பொறுக்கவில்லை, அந்தப் பையன்களிடம் நேராகவே சொன்னேன். நீங்கள் அந்தக் கூட்டத்தில் சேராதீர்கள்.

சரி, அந்த டீம் லீடர். அவர் பேசுவது ஷெட் பேச்சு இல்லை. உங்கள் இனத்தைச் சொல்லி உங்களை மட்டும் குறிவைக்கிறார். அடுத்த முறை கூப்பிட்டதும் அந்த இடத்திலேயே, சத்தம் போடாமல், 'டோன்ட் கால் மீ தட், மேட்' என்று சொல்லி உங்கள் பெயரைச் சொல்லுங்கள். நிறைய பேர் அதோடு நிறுத்திவிடுவார்கள். நிறுத்தாவிட்டால் தேதி, நேரம், அவர் சொன்ன வார்த்தை அப்படியே, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று அன்றைக்கே போனில் குறித்து வையுங்கள். 'அசிங்கமாகப் பேசினார்' என்று பூசி மெழுகினால் புகாருக்கு உதவாது.

பிறகு மின்னஞ்சலில் புகார் எழுதுங்கள், வாய்ச்சொல் போதாது. வேர்ஹவுஸ் மேனேஜருக்கும் ஏஜென்சிக்கும் சேர்த்தே அனுப்புங்கள். பணியிடப் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு பேருக்கும் உங்கள் மேல் பொறுப்பு உண்டு. இனத்தைச் சொல்லி இழிவுபடுத்துவது 1975ஆம் வருட இனப் பாகுபாட்டுச் சட்டத்துக்குள் வரும். ஆஸ்திரேலிய மனித உரிமை ஆணையத்தில் புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது. திரும்பத் திரும்ப நடந்து உடம்புக்கும் மனசுக்கும் கேடு என்ற நிலை வந்தால், நிறுத்தச் சொல்லி உத்தரவு கேட்டு ஃபேர் வொர்க் கமிஷனுக்குப் போகலாம். அதற்கு அங்கே நீங்கள் இன்னும் வேலையில் இருக்க வேண்டும், கோபத்தில் விட்டுவிட்டு வந்த பிறகு அந்த வழி அடைபட்டுவிடும். ஒழுங்கான ஷிஃப்டில் ஆறு மாதம் வேலை செய்த பிறகு அநியாயமாக நீக்கினால் 21 நாளுக்குள் மனு போட வேண்டும். பதினைந்து பேருக்கும் குறைவான நிறுவனமென்றால் ஆறு மாதம் ஒரு வருடமாகும்.

விசாவை நினைத்துத்தான் நம் பிள்ளைகள் வாயைத் திறப்பதில்லை. முதலாளி உங்கள் விசாவை ரத்து செய்ய முடியாது, அந்த அதிகாரம் உள்துறைக்கு மட்டும்தான். ரத்து செய்துவிடுவேன் என்று யாராவது மிரட்டினால் அதையும் அதே குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள். மின்னஞ்சலை ஆங்கிலத்தில் எழுதத் தயக்கமாக இருந்தால் குறிப்புகளை எனக்கு அனுப்புங்கள், ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து உட்கார்ந்து எழுதிவிடலாம்.