ஞாயிற்றுக்கிழமை சாட்சியில் அந்த ஒரு வரியைச் சொல்லாதே, மக்களே

அன்புள்ள மக்களே,

நைட் டியூட்டி முடித்து வந்துதான் உன் கடிதத்தைப் படித்தேன். மலாவி நாட்டுக்கு, இந்தப் பிளான்டயருக்கு வந்து ஐந்து நாள்தான் ஆகிறது, விமான நிலையத்திலிருந்து வருகிற வழியிலேயே அழுதுவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். "ஒன்றுமே இல்லாத இந்த ஜனங்கள் எப்படி அக்கா இவ்வளவு சந்தோஷமாகப் பாடுகிறார்கள்?" என்று கேட்கிறாய். வருகிற ஞாயிறு ஆராதனையில் உங்கள் குழு சார்பில் நீதான் சபை முன் எழுந்து நின்று சாட்சி சொல்ல வேண்டுமாம், என்ன சொல்லட்டும் என்கிறாய். கடைசியில், மிஷன் ஆஸ்பத்திரியில் ரெண்டு வருஷம் நர்ஸாக இருக்கச் சொன்னால் தாங்குமா என்றும் கேட்டிருக்கிறாய்.

சாட்சியிலிருந்தே தொடங்குகிறேன். ஞாயிறு வர மூன்று நாள்தான் இருக்கிறது.

நீ கேட்ட அதே கேள்வியை நான் 2005-இல் மேடை ஏறியே சொல்லிவிட்டேன். அப்போது எனக்கு 26 வயது. நம் கன்னியாகுமரி மாவட்டத்துக் கருங்கல் பக்கத்துச் சபையிலிருந்து பதினொரு பேர், மூன்று வாரத்துக்கு இங்கே வந்திருந்தோம். அந்த வருஷம் மழை பொய்த்து மக்காச்சோளம் சரியாக விளையவில்லை. பாதையோரத்தில் வெறுங்காலோடு நடந்த பிள்ளைகளைப் பார்த்து எனக்கும் நெஞ்சு அடைத்தது. ஞாயிறன்று எழுந்து நின்று ஆங்கிலத்தில் சொன்னேன்: "உங்களிடம் எதுவும் இல்லை, ஆனாலும் சந்தோஷமாக இருக்கிறீர்கள். எங்களிடம் எல்லாம் இருக்கிறது, இந்தச் சந்தோஷம் இல்லை." சபை மூப்பர் ஒருவர் பக்கத்தில் நின்று இவர்கள் மொழியான சிச்சேவாவில் மொழிபெயர்த்தார். எல்லாரும் கை தட்டினார்கள். நல்ல சாட்சி சொன்னேன் என்ற நிறைவோடு ஊருக்குத் திரும்பி, அதையே நம் சபையிலும் சொன்னேன்.

மறுவருஷம் வேலைக்கென்று இங்கே வந்தேன். மொழி பைய வந்தது. 2009-இல் ஒரு நாள் அந்த மூப்பர் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து மக்காச்சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தபோது, அந்த ஞாயிறு ஓர்மை வந்து கேட்டேன். அவர் சொன்னார்: "நீ சொன்னதை நான் சொல்லவில்லை, மகளே. தூரதேசத்திலிருந்து வந்த இந்தப் பிள்ளை நம்மை வாழ்த்துகிறாள், நம் பாட்டு அவளுக்குப் பிடித்திருக்கிறது என்றுதான் சொன்னேன். ரெண்டாவது பெஞ்சில் அந்த மாதம் பிள்ளையை அடக்கம் பண்ணிய ஒரு அம்மா உட்கார்ந்திருந்தாள். நீ சந்தோஷமாக இருக்கிறாய் என்று அவளிடம் நான் எப்படிச் சொல்ல?"

என் கையிலிருந்த கதிர் அப்படியே நின்றுவிட்டது. நாலு வருஷம் அந்த மனிதர் அதை என்னிடம் சொல்லாமல் வைத்திருந்தார், என்னைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று. அந்த அம்மாவை நான் பார்க்கவே இல்லை. பாட்டை மட்டும்தான் கேட்டேன்.

அதனால்தான் சொல்கிறேன், "ஒன்றுமே இல்லாத ஜனங்கள்" என்ற வார்த்தை உன் வாயில் வர வேண்டாம். வறுமை இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. நீ வந்திருப்பது ஜூலை. அறுவடை ஏப்ரல், மே மாதத்தில் முடிந்து, இப்போது வீடுகளில் தானியம் இருக்கிறது. ஜனவரி, பிப்ரவரியில் வந்து பார்த்திருந்தால் தெரியும். பழைய தானியம் தீர்ந்து, புதுக்கதிர் முற்றாத மாதங்கள் அவை. மலேரியாவும் அந்த மழையோடுதான் வரும். ரத்தம் வற்றிய குழந்தைகளை அம்மாமார் முதுகில் கட்டிக்கொண்டு வருவார்கள், ஒரே கட்டிலில் ரெண்டு பிள்ளைகளைப் படுக்க வைத்திருக்கிறேன். அப்போதும் இவர்கள் பாடுவார்கள். சாவு விழுந்த துட்டி வீட்டிலும் விடிய விடியப் பாடுவார்கள். அந்தப் பாட்டைக் கேட்டு இவர்களுக்குக் கவலையே கிடையாது என்று எழுதிக்கொண்டு போவது பெரிய தவறு.

நாமும் ஒரு காலத்தில் இப்படி வெளியூர்க்காரர்களால் பார்க்கப்பட்டவர்கள்தான். நம் பக்கத்து மயிலாடிக்கு மிஷனரி ரிங்கல்தௌபே ஐயர் 1806-இல் வந்ததை ஞாயிறு பள்ளியில் படித்திருப்பாய். ஆனால் அவர் தானாக வந்துவிடவில்லை. நம் ஊர் வேதமாணிக்கம் தஞ்சாவூர் போய் விசுவாசத்தைப் பெற்றுத் திரும்பி, எங்களுக்கு ஒரு ஆளை அனுப்புங்கள் என்று கேட்ட பிறகே அவர் வந்தார். நெய்யூரில் மருத்துவ ஊழியம் 1838-இல் தொடங்கியது. அதற்குப் பிறகும் 1859 வரை, தோள்சீலை உரிமைக்காக, அதாவது மார்பை மறைத்து மேலாடை போடும் உரிமைக்காக, அடிபட்டும் விடாமல் நின்றார்கள் நம் பாட்டிமாரின் பாட்டிமார். அவர்களை ஐந்து நாள் பார்த்த ஒருவர் "ஒன்றுமில்லாத ஜனங்கள், ஆனாலும் சந்தோஷமாக இருக்கிறார்கள்" என்று எழுதியிருந்தால் உனக்கு எப்படி இருக்கும்?

இந்த நாட்டுச் சபையின் கதையும் நம்முடையதைப் போலத்தான். ஸ்காட்லாந்து மிஷனரிகள் 1875-இல் மலாவி ஏரிக்கரைக்கு வந்தார்கள். மறுவருஷமே தென்னாப்பிரிக்காவின் லவ்டேலிலிருந்து வில்லியம் கோயி என்ற கோசா இன ஊழியர் வந்து, ங்கோனி மக்கள் நடுவே உழைத்தார். கறுப்பர்களுக்குக் கறுப்பரே ஊழியம் செய்த அந்த வரலாறு நம் ஊர்ப் பிரசங்கங்களில் வருவதே இல்லை என்பது எனக்கு ஆதங்கம். பிளான்டயரில் செங்கல் கோபுரங்களோடு நிற்கிறதே தூய மிக்கேல் ஆலயம், அது 1891-இல் கட்டி முடித்தது. வரைந்து கட்டுவித்த ஸ்காட் ஐயர் கட்டடக்கலை படித்தவர் இல்லை. செங்கல் சுட்டு அடுக்கியது இந்த ஊர் மக்கள். உன் குழுவோடு ஒரு மாலை அங்கே போய் உட்கார்ந்துவிட்டு வா. 1891-இல் ஆலயம் எழுப்பிய சபைக்கு முன்னால் உனக்கு என்ன பேசத் தோன்றுகிறது என்று பார்.

போட்டோ விஷயம். ஊரில் ஸ்லைடு போட்டுக் காட்ட வேண்டும் என்று குழுத்தலைவர் சொல்லியிருப்பார். மூக்கு ஒழுகும் பிள்ளைகளை எடுக்காதே. ஆஸ்பத்திரி வார்டுக்குள் போனை வெளியே எடுக்கவே கூடாது. வார்டுக்கு வெளியே அடுப்பு மூட்டிச் சமைக்கும் சொந்தக்காரர்களைப் பார்த்துப் "பாவம்" என்று எழுதியிருந்தாய். அவர்கள் நோயாளிக்குத் துணையாக வந்தவர்கள். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, துணி துவைப்பது எல்லாம் அவர்கள்தான். அவர்கள் இல்லாவிட்டால் ஒரு ராத்திரிகூட நாங்கள் வார்டைச் சமாளிக்க முடியாது. எங்களில் ஒருத்தி ஐம்பது பேரைப் பார்த்த ராத்திரிகள் உண்டு.

ரெண்டு வருஷம் தாங்குமா என்று கேட்டாய். சாப்பாடு உனக்குப் பிரச்சினையே இல்லை. ன்சிமா என்பது மக்காச்சோள மாவுக்களி, மூன்று நாளில் பழகிவிடும். சினாங்வா என்று சந்தையில் விற்பது நம் மரச்சீனி, மரவள்ளிக் கிழங்குதான். ஏரிக்கரையில் தட்டியில் காய வைத்திருக்கும் உசிபா மீனைப் பார்த்தால் நம் கடற்கரை நெத்தோலிக் கருவாடு ஓர்மை வரும். காந்தாரி மிளகு என்று நாம் சொல்லும் அந்தச் சின்ன மிளகாய் இங்கேயும் காய்க்கிறது. மரச்சீனி அவித்து, காந்தாரி அரைத்து, உசிபா வறுத்துத் தின்ற முதல் நாள் நான் கருங்கல் சந்தையையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. 2011-இல் என் அப்பா இறந்தார். தகவல் வந்தபோது ராத்திரி பதினொரு மணி. எந்த விமானத்தைப் பிடித்தாலும் அடக்கத்துக்குப் போய்ச் சேர முடியாது. நான் யாரையும் கூப்பிடவில்லை. காலை ஐந்து மணிக்கு வாசலில் "ஓடி, ஓடி" என்று குரல். உள்ளே வரலாமா என்று இங்கே அப்படித்தான் கேட்பார்கள். சபையின் ம்வானோ பெண்கள், நம் ஊர்ப் பெண்கள் ஐக்கியம் மாதிரி, பதினைந்து பேர் மாவும் விறகும் தலையில் சுமந்து வந்திருந்தார்கள். மூன்று ராத்திரி என் வீட்டுத் தரையில் படுத்தார்கள். அவர்களே சமைத்தார்கள், பாடினார்கள். என் அப்பாவை அவர்கள் பார்த்ததே இல்லை. அதில் ஒருத்தி, அந்த ரெண்டாவது பெஞ்சு அம்மா. என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையை விடவே இல்லை.

ரெண்டு வருஷத்துக்கு வந்தால் இவர்களிடம் உதவி வாங்கவும் நீ தயாராக வர வேண்டும். கொடுக்க மட்டும் வருகிறவர்கள் ஆறு மாதத்தில் சோர்ந்து ஊருக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். மொழியைப் படி, முதல் மூன்று மாதம் அதையே வேலையாக வைத்துக்கொள்.

ஒரு நர்ஸாக இதையும் சொல்லிவிடுகிறேன். மலேரியா மாத்திரையை இடையில் நிறுத்தாதே. நீ சாப்பிடுவது டாக்ஸிசைக்கிளின் என்றால் ஊருக்குத் திரும்பின பிறகும் நாலு வாரம் சாப்பிட வேண்டும். அங்கே காய்ச்சல் வந்தால், ஆப்பிரிக்காவுக்குப் போய் வந்தேன் என்பதை டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்.

சாட்சிக்கு இவ்வளவு போதும்: உன் பெயர், ஊர், அம்மா அப்பா பெயர். நெய்யூருக்கும் மயிலாடிக்கும் சுவிசேஷம் வந்த கதை ரெண்டு நிமிஷம், அதை இவர்கள் ஆசையாகக் கேட்பார்கள். பிறகு, எங்களை ஏற்றுக்கொண்டதற்கு நன்றி. "ஸிகோமோ" என்று சொல்லும்போது ரெண்டு கையையும் சேர்த்து மெல்லத் தட்டிச் சற்றே முழங்கால் மடக்கு. "முலி ப்வாஞ்சி" என்று வாழ்த்திவிட்டு, அவர்கள் பதில் சொல்லி முடிக்கும்வரை நில். அவசரமாக அடுத்த வார்த்தைக்குப் போகாதே.

சனிக்கிழமை மதியம் எனக்கு டியூட்டி இல்லை. வீட்டுக்கு வா, ரெண்டு பேரும் சேர்ந்து சொல்லிப் பார்க்கலாம். வரும் வழியில் சந்தையில் ரெண்டு கிலோ மரச்சீனி வாங்கிக்கொள், உசிபா நான் வைத்திருக்கிறேன். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வா, மாலையில் இங்கே நல்ல குளிர்.

அன்புடன்,
அக்கா